குதிரை முட்டையும் நூலக அலமாரியும்

(நூலகப் பாடவேளை குறித்த ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவு முடிந்தவுடன் பேசும் நேரத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சாம்பார் சாதம், இன்னொரு பக்கம் மின்விசிறிக் காற்று. இந்த இரண்டோடும் போட்டி போட்டு எந்தப் பேச்சாளரும் வென்றதாகத் தெரியவில்லை. அதனால் சொற்பொழிவை விட்டுவிடுகிறேன். சில கேள்விகள் மட்டும் கேட்கிறேன். விடை தெரிந்தவர்கள் கையை உயர்த்தலாம். தெரியாதவர்கள் நம் பிள்ளைகள் செய்வதைப் போலவே தலையைக் குனிந்து பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருக்கலாம்.

முதல் கேள்வி. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். இயற்பெயர் ரங்கராஜன். எழுத்தால் புகழ் பெற்றவர். யார் அவர்?

பாதிப் பேர் "சுஜாதா" என்கிறீர்கள். பாதிப் பேர் "வாலி" என்கிறீர்கள். இரண்டு பக்கமும் முழு மதிப்பெண்! இருவருமே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன்கள். ஒருவர் திரைப்பாட்டுக்குப் போனார். இன்னொருவர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவாவதற்குப் பொறுப்பேற்று, கதைகளை மனைவியின் பெயரில் எழுதினார். இந்திரா பார்த்தசாரதியின் பெயரில் இருக்கும் இந்திராவும் அவருடைய துணைவியார்தான். வீட்டில் மட்டுமல்ல, இலக்கியத்திலும் மனைவியின் பெயரைச் சொன்னவர்கள் நன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

இந்தத் துணுக்கை ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன். அன்று மாலை இரண்டு பேர் வந்து, "அந்த ஸ்ரீரங்கத்துக்காரர் புத்தகம் நம்மகிட்ட இருக்கா ஐயா?" என்று கேட்டார்கள். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' அலமாரியில் இருந்தது. "வாசிப்பை நேசிப்போம்" என்ற தலைப்பில் காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசியபோது ஒருவரும் வந்து கேட்கவில்லை. ஒரு நிமிடத் துணுக்குக்கு இரண்டு பேர் வந்தார்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். புத்தகத்தைப் பற்றிய ஒரு சிறு வேடிக்கை, புத்தகத்தின் கதவைத் திறக்கும். மீதி நேரத்தில் அப்படிப்பட்ட சில சாவிகளை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இத்தாலிக்காரர் சொன்ன நகைச்சுவை

குதிரை முட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்கள் பார்த்திருக்கிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலை கொடுத்து வாங்கிவந்தவர்கள் அவர்கள். வழியில் காய் கீழே விழுந்து உடைந்தது. பக்கத்துப் புதரிலிருந்து ஒரு முயல் பாய்ந்தது. அதுதான் குதிரைக்குட்டி என்று அதன் பின்னாலேயே ஓடினார்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்தார்கள். 'சுர்' என்றது. "விழித்துக்கொண்டுதான் இருக்கிறது" என்று பின்வாங்கினார்கள்.

இந்தப் 'பரமார்த்த குருவின் கதை'யை எழுதியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்தவர். 'தேம்பாவணி' என்ற காப்பியத்தையும், 1732இல் 'சதுரகராதி'யையும் தந்தவர். காப்பியம் பாடிய, அகராதி தொகுத்த ஒருவருக்குக் குதிரை முட்டையோடு என்ன வேலை? தமிழ் கற்க வந்தவர்கள் உரைநடையைப் பழகுவதற்காக எழுதினார் என்று சொல்வார்கள். அதாவது இது ஒரு கற்றல் துணைக்கருவி! நாம் அட்டையை வெட்டி, கோந்து ஒட்டிச் செய்வதை, அவர் ஐந்து முட்டாள்களை வைத்துச் செய்திருக்கிறார். அவர் மறைந்தது 1747. 75 ஆண்டுகள் கழித்து, 1822இல், பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அந்தக் கதை லண்டனில் அச்சேறியது.

அவரைப் பற்றி இன்னொரு செய்தி. பழைய ஓலைச்சுவடிகளில் பொதுவாகப் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழிந்துவிடும். புள்ளி இல்லாவிட்டால் குறில் எகரமும் நெடில் ஏகாரமும் பார்வைக்கு ஒன்றுதான். "அவர் ஏரியில் குளித்தார்" என்று இருக்கிறதா, "எரியில் குளித்தார்" என்று இருக்கிறதா? முதலாமவருக்குத் துண்டு எடுத்துப் போக வேண்டும். இரண்டாமவருக்குத் தீயணைப்பு வண்டி அழைக்க வேண்டும். இந்தக் குழப்பம் தீர, எகர ஒகரங்களின் குறில் நெடில்களுக்கு இன்று நாம் எழுதும் வேறுபாட்டைக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். எழுத்துச் சீர்திருத்தத்தைப் பாடமாக நடத்தும்போது இந்த ஏரியையும் எரியையும் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். வகுப்பு தானாகவே "கோடு, கொடு", "தேன், தென்" என்று அடுக்க ஆரம்பிக்கும்.

கைபேசித் தமிழின் முன்னோடி

நம் பிள்ளைகள் கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டுகிறார்கள் என்று கவலைப்படுகிறோம். கவலை நியாயமானதுதான். ஆனால் அவர்களிடம் ஒரு செய்தியைச் சொல்லலாம். "தம்பி, இதை நீ கண்டுபிடிக்கவில்லை. 1554இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது. அதில் இருந்த தமிழ் முழுவதும் ரோமன் எழுத்துகளில்தான் இருந்தது." அச்சேறிய முதல் தமிழ்ப் புத்தகமே இப்படி. அப்போது தமிழ் எழுத்துகள் அச்சுக்கு வார்க்கப்படவில்லை, வேறு வழியில்லை. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. மொத்தம் 16 பக்கம்.

இதற்குப் பிறகுதான் கேள்வியைக் கேட்க வேண்டும். "அவர்களுக்கு எழுத்து வார்க்கவே 24 ஆண்டுகள் ஆயின. உன் கைபேசியில் தமிழ் விசைப்பலகை வர எத்தனை நொடி ஆகும்?" அறிவுரையாகச் சொன்னால் காதில் ஏறாதது, கணக்காகக் கேட்டால் ஏறுகிறது. அன்றே சிலர் அமைப்புகளைத் திறந்து தமிழைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவன் எனக்கே "வணக்கம் ஐயா" என்று தமிழில் அனுப்பினான். வீட்டுப்பாடத்தைத்தான் அனுப்பவில்லை.

மோருக்கு மூன்று பெயர்

தமிழில் நகைச்சுவை என்றால் காளமேகப் புலவரை விட்டுவிட முடியாது. பாம்புக்கும் எள்ளுக்கும், வைக்கோலுக்கும் யானைக்கும் சிலேடை பாடியவர். ஆனால் சிலேடையை முதல் நாளே நடத்தினால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். நான் மோரில் தொடங்குவேன்.

வெயிலில் நடந்து வந்த புலவருக்கு மோர் கிடைக்கிறது. மோரா, தண்ணீரா என்று தெரியாத அளவுக்கு நீர்த்த மோர். அவர் திட்டவில்லை. மோரை வாழ்த்துகிறார். வானத்தில் இருக்கும்வரை உனக்கு மேகம் என்று பெயர். தரைக்கு வந்ததும் நீர் என்று பெயர். ஆய்ச்சியர் கையில் வந்து சேர்ந்ததும் மோர் என்று பெயர். ஒரே ஆளுக்கு மூன்று பெயர், நீ பெரிய ஆள்தான் என்கிறார். இந்தக் கருத்தைச் சொல்லிவிட்டு, "பாட்டைத் தனிப்பாடல் திரட்டில் தேடுங்கள்" என்று விட்டுவிட வேண்டும். முழுப் பாட்டையும் நாமே சொல்லிவிட்டால் தேடுவதற்கு என்ன இருக்கிறது?

நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரம் பற்றிய பாட்டும் அப்படித்தான். பொழுது சாயும்போதுதான் அரிசி வருமாம். குத்தி உலையில் போடும்போது ஊர் தூங்கிவிடுமாம். ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி எழுந்துவிடுமாம். நம் சத்துணவுக்கூடத்தார் இதைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம். உங்கள் அடுப்பில் பன்னிரண்டு மணிக்கே மணம் வந்துவிடுகிறது. எங்கள் பாடத்தைக் கெடுப்பதே அந்த மணம்தான்.

இந்தப் பாட்டின் அழகு, அதையே புகழ்ச்சியாகவும் பொருள் கொள்ள முடியும் என்பது. ஊர் அடங்குவது தூக்கத்தாலா, பசி தீர்ந்ததாலா? வெள்ளி எழுவது விடிந்துவிட்டதாலா, இலையில் விழுந்த சோற்றின் வெண்மையைப் பார்க்கவா? இந்த இரண்டாம் பொருளை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "இதே பாட்டைச் சத்திரத்துக்காரர் கேட்டு மகிழ்ந்தால் எப்படி மகிழ்ந்திருப்பார்?" என்று மட்டும் கேளுங்கள். பத்து மதிப்பெண் வினாவுக்கு வாய் திறக்காத பிள்ளைகள், வம்புக்கு என்றால் பொருள் கண்டுபிடிப்பார்கள்.

நாய் தின்ற வீட்டுப்பாடம்

"வீட்டுப்பாட நோட்டை நாய் தின்றுவிட்டது" என்று ஒரு பிள்ளை சொன்னால் நம்புவீர்களா? அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும். 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' என்ற அவருடைய புகழ்பெற்ற குறுநாவலின் கையெழுத்துப் படியில் ஏறக்குறைய பாதியை அவர் வளர்த்த நாய்க்குட்டி கடித்துக் குதறிவிட்டது. அது 1936. இரண்டு மாத உழைப்பு போயிற்று. நாய்க்குட்டி ஒருவேளை விமர்சகராக நடந்துகொண்டிருக்கலாம் என்ற பொருளில் அவர் கடிதம் எழுதினார். மறுபடி உட்கார்ந்து எழுதினார். 1937இல் புத்தகம் வந்தது. 1962இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் வகுப்பு நாய்களும் இலக்கிய நாய்களாக இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். கூடவே, "அவர் மறுபடி எழுதினார், நீ எப்போது எழுதப் போகிறாய்?" என்றும் கேட்டுவிடுங்கள்.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு ஒன்று. டாக்டர் சூஸ் என்ற குழந்தை எழுத்தாளரிடம் அவருடைய பதிப்பாளர் பந்தயம் கட்டினார். ஐம்பதே ஐம்பது சொற்களை வைத்து ஒரு புத்தகம் எழுத முடியுமா? சூஸ் எழுதிக் காட்டினார். 1960இல் வெளிவந்த 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' என்ற அந்தப் புத்தகம் அவருடைய மிகப் புகழ்பெற்ற புத்தகங்களில் ஒன்றாகிவிட்டது. வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் 'நுழை' நிலையை எடுத்துப் பாருங்கள். குறைந்த சொல்லில் கதை சொல்வது எவ்வளவு கடினமான வேலை என்று தெரியும். மூன்றாம் வகுப்பில் ஒரு பந்தயம் கட்டலாம். "இருபது சொல்லில் ஒரு கதை. ஒரு சொல்லை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்." எழுதத் தயங்கும் பிள்ளைகூட, இருபது சொல் என்றால் பேனாவை எடுக்கும்.

நூலகரான கணக்கு வாத்தியார்

உலக நூலகத்துறைக்கே விதி எழுதியவர் நம் ஊர்க் கணக்கு ஆசிரியர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாள்களிலேயே சலித்துப் போய்விட்டது. யாரும் வராத நூலகத்தில் உட்கார்ந்திருப்பதைவிட வகுப்பறையே மேல் என்று பழைய கல்லூரிக்கே திரும்பப் பார்த்தார். "லண்டன் போய்ப் பயிற்சி பெற்று வாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம்" என்று அனுப்பிவைத்தார்கள்.

லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை விளக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சில பட்டைகள், சில திருகாணிகள். அவற்றை மாற்றி மாற்றி மாட்டினால் வேறு வேறு பொம்மைகள். அதைப் பார்த்தபோது அவருக்கு ஒரு யோசனை. புத்தகங்களின் பொருளையும் இப்படிச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி சேர்த்தால் என்ன? அதுதான் 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்கு வித்து. பொம்மைக் கடையில் பிறந்த நூலக அறிவியல்!

1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே உரியவை என்பது. கேட்டால் 'இதெல்லாம் ஒரு விதியா' என்று தோன்றும். ஆனால் நம் பள்ளிகளில் அலமாரி எங்கே இருக்கிறது, அதன் சாவி எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சில இடங்களில் புத்தகங்கள் இருப்பது ஆய்வு அலுவலருக்கு எண்ணிக் காட்டுவதற்கு. கிழிந்தால் யார் பொறுப்பு என்ற பயம் நமக்கு இருக்கிறது. அந்தப் பயத்தில் பொருளும் இருக்கிறது. ஆனால் கிழியாத புத்தகம் படிக்கப்பட்ட புத்தகமாக இருப்பது அரிது. பத்து ஆண்டுகளாகப் புத்தம் புதிதாக இருக்கும் புத்தகம், முதல் விதியைப் பத்து ஆண்டுகளாக மீறிக்கொண்டிருக்கிறது. அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மாடு நடந்து போய்க் கொடுத்ததை, அலமாரியிலிருந்து மேசைக்குக் கொண்டுவர நம்மால் முடியாதா?

ஒன்பதைத் தேடி

துணுக்கில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பாதி பொய்யாக இருக்கும். வாட்ஸ்அப்பில் அப்துல் கலாம் ஐயா சொன்னதாக வரும் பொன்மொழிகளையெல்லாம் அவர் சொல்லியிருந்தால், ராக்கெட் விட நேரமே கிடைத்திருக்காது. ஆகவே துணுக்கைச் செய்தியாகச் சொல்வதைவிடப் புலனாய்வாகக் கொடுப்பது நல்லது.

திருக்குறளில் 'தமிழ்' என்ற சொல் இல்லை. இதைக் கேட்டதும் வகுப்பில் ஒரு "ஆ!" எழும். குறளுக்கு ஏழு சீர் என்றால் 1330 குறளுக்கு 9310 சீர். அத்தனையிலும் அந்தச் சொல் வரவில்லை. அடுத்து, "ஒன்பது என்ற எண்ணும் குறளில் இல்லை என்கிறார்கள், உண்மையா?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். வகுப்பில் 38 பேர். அதிகாரம் 133. எப்படிப் பிரிப்பது? கணக்கில் பின்தங்கியவன் என்று பேர் வாங்கிய ஒருவன்தான் சொன்னான். "பாதிப் பேருக்கு மூணு, பாதிப் பேருக்கு நாலு ஐயா." சரியாக வந்தது. நான்கு நாள்கள் குறள் புத்தகத்துக்கு அடிதடி. தேடும்போது அவர்கள் ஒன்பதை மட்டும் பார்க்கவில்லை. "ஐயா, எனக்கு வந்த அதிகாரத்துல நண்டு, நரி எதுவும் இல்ல. எழுபது அவனுக்கு வந்திருக்கு. இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று வரிசையில் வந்து நின்றார்கள். மனப்பாடப் பகுதிக்கு அப்படி யாரும் வந்து நின்றதில்லை.

ஒன்பது இருந்ததா? நான் சொல்லமாட்டேன். உங்கள் வகுப்பும் தேடட்டும்.

மூன்று விதிகள்

அரங்கநாதன் ஐந்து விதி சொன்னார். நான் சிறியவன், மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்று, சொல்லும் துணுக்கு உண்மையாக இருக்க வேண்டும். உறுதி இல்லையென்றால் அதைக் கேள்வியாக மாற்றிவிடுங்கள். இரண்டு, துணுக்கு ஒரு புத்தகத்தில் போய் முடிய வேண்டும். அந்தப் புத்தகம் அன்று மேசைமேல் இருக்க வேண்டும். 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களின் ஒரு பக்கமாக இருந்தாலும் போதும். மூன்றாவதுதான் முக்கியமானது. புத்தகத்தோடு சேர்ந்து சிரிக்கலாம். வாசிக்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

வகுப்பில் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது. 'எரி' என்பதை 'ஏரி' என்று வாசித்துவிடுகிறது. வகுப்பே சிரிக்கிறது. சில நேரம் நமக்கும் உதட்டோரம் வந்துவிடும். அந்த ஒரு சிரிப்பில் அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டுவரை வாய் திறக்காமல் போகலாம். அந்த நேரத்தில் நாம் சொல்ல வேண்டியது, "ஓலைச்சுவடி காலத்தில் பெரிய புலவர்களே இந்த இரண்டிலும் தடுமாறித்தான் இருப்பார்கள்" என்பது. துணுக்கு அங்கே வேடிக்கையாக நிற்காது, ஒரு பிள்ளையின் தோளில் வைத்த கையாக மாறிவிடும்.

கி. ராஜநாராயணன் தன் படிப்பைப் பற்றிச் சொல்வார். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினாராம். அங்கேயும் மழையைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாராம். அவரைத்தான் பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அவர் அகராதி தொகுத்தார். நம் வகுப்பில் சன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்க்கும் பிள்ளையிடம் கொஞ்சம் பொறுமையாக இருப்போம். அகராதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

கடைசியாக, பரமார்த்த குருவின் சீடர்களிடம் ஒரு பாடம் பாக்கி இருக்கிறது. ஆற்றைக் கடந்ததும் எல்லாரும் வந்துவிட்டோமா என்று எண்ணிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் குறைந்தது. எண்ணியவர் தன்னை விட்டுவிட்டு எண்ணியதுதான் காரணம். நம் பள்ளியில் வாசிப்பவர் எத்தனை பேர் என்று நாமும் பதிவேட்டில் எண்ணுகிறோம். ஆறாம் வகுப்பில் இத்தனை, ஏழாம் வகுப்பில் இத்தனை. அந்தப் பட்டியலில் ஆசிரியர் பெயருக்கு ஒரு வரி இருக்கிறதா? இந்த வாரம் நூலகப் பாடவேளையில் பிள்ளைகள் படிக்கும்போது, நாமும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் முன்னால் உட்கார்ந்து படிப்போம். வேடிக்கையான இடம் வந்தால் வாய்விட்டுச் சிரிப்போம். "என்ன ஐயா, என்ன டீச்சர்?" என்று அவர்கள் கேட்கட்டும். புத்தகத்தைத் திருப்பிக் காட்டுவோம்.

எண்ணும்போது உங்களையும் சேர்த்து எண்ணுங்கள். கணக்கு சரியாக வரும்.